ரெண்டு நாலு வளையல்

உ

மரக்காணம்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு நிலாவுக்கு,

சந்தியா அம்மா அமராவதி எழுதுவது. இந்தக் கடுதாசி உன் கைக்கு வரும்போது நீ நல்ல உடம்போட, வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டு எழுதுறேன். இங்க கௌதமன் அப்பாவுக்கு முட்டி வலி. மத்தபடி இருக்கோம்.

போன் இருக்கும்போது எதுக்கு கடுதாசின்னு நினைப்ப. போன்ல பேசினா நீ ஹாஸ்டல்ல பத்துப் பொண்ணுங்க நடுவுல நிக்கிற. இங்க கௌதமன் அப்பா ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறாரு. அதுவும் இல்லாம எனக்கு இப்பல்லாம் பேச ஆரம்பிச்சா பாதியிலயே அழுதுடறேன். எழுதினா அந்தத் தொல்லை இல்ல. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு விட்ட இடத்துலேருந்து எழுதலாம். நான் அஞ்சாவது வரைக்கும்தான் போனவ. கொம்பு, கால் விட்டுப் போயிருந்தா நீயே போட்டுப் படிச்சுக்கோ. மாதாகோயில் தெரு மேரிசெல்வி உன் கம்பெனியிலயே இருக்கிறது நல்லதாப் போச்சு. அவ லீவு முடிஞ்சு வர்றப்ப குடுத்து அனுப்புறேன். வளையல் ஒட்டுற பசையாலதான் கவரை ஒட்டியிருக்கேன். அது லேசுல விடாது, பாத்துப் பிரி.

முதல்ல நல்ல சேதி. உன் கல்யாண வளையலை நான்தான் செய்யப்போறேன். மழைக்காலத்துல உப்பளம் மூடினதும் எங்க நாத்தனார் அஞ்சம்மா வீட்டுக் கூடத்துல பொம்பளைங்க எல்லாம் உட்கார்ந்து பட்டுநூல் வளையல் சுத்துறோமே, உனக்குத் தெரியும். வெறும் வளையலை வாங்கியாந்து, பசை தடவி, இடைவெளி தெரியாம நூலைச் சுத்தி, கல்லு வெச்சு, முத்துச்சரம் ஒட்டிக் குடுத்தா, குயிலாப்பாளையத்துக் கடைக்காரங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. ஊர்ல உள்ள பொண்ணுங்களுக்கெல்லாம் கல்யாண செட்டு சுத்திக் குடுத்துட்டு, வர்ற மருமகளுக்குக் கடையில வாங்கினா நல்லாவா இருக்கும். உன் முகூர்த்தப் புடவை அரக்கு, கரை மாம்பழ மஞ்சள்னு கௌதமன் சொன்னான். ரெண்டு நூலையும் சேத்துச் சுத்துறேன். நடுநடுவுல கண்ணாடி வளையலும் போட்டுக்கணும். நூல் வளையல் அழகு, ஆனா சத்தம் வராது. கல்யாணப் பொண்ணு கை சத்தம் போடணும்.

இந்த வேலையை வீட்டுக்குக் கொண்டாந்தவளே சந்தியாதான். போன்ல பாத்துப் பாத்துச் சுத்துவா. நானும் சுத்துறேன்னு போனா என் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, இது கையா கருவேல மரமா, பட்டுநூல் கிட்ட வந்துடாதன்னு சிரிப்பா. உப்புத்தண்ணியில நின்னு நின்னு என் விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்குது. நூலு போய் வெடிப்புல மாட்டிக்கிட்டு இழை இழையாப் பிரிஞ்சுடும். எண்ணெய் தடவினா நூல்ல கறை. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. என் விரல் நுனிக்கெல்லாம் பிளாஸ்திரி சுத்தி, அதுமேல முகப் பவுடரைத் தட்டிவிட்டா. இப்பவும் அப்படித்தான் செய்றேன். இடது கைக்கு நானே சுத்திக்குவேன். வலது கைக்குத்தான் ஆள் இல்ல. பல்லால இழுத்துச் சுத்துறேன்.

இனி மனசுல கிடக்கிறதைச் சொல்றேன்.

போன ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவும் பெரியம்மாவும் கீழ்புத்துப்பட்டுலேருந்து வந்தாங்க. பத்திரிகையில யார் யார் பேர் போடறதுன்னு பேச வந்திருக்காங்கன்னு நினைச்சு காபி வெச்சேன். அந்தப் பேச்சும் நடந்தது. முடிஞ்சதும் உங்க பெரியம்மா சுவத்துல இருக்கிற சந்தியா போட்டோவைப் பாத்தாங்க. பாத்துட்டு, முகூர்த்தத்துக்கு முன்ன இந்தப் பொண்ணைக் கூப்பிட்டுப் படைச்சுடுங்கன்னு சொன்னாங்க.

அவங்க சொன்னது தப்பு இல்ல. நம்ம பக்கத்து வழக்கம்தான். கல்யாணம் ஆவாமப் போன பொண்ணு ஒரு வீட்டுல இருந்தா, அந்த வீட்டு நல்ல காரியத்துக்கு முன்ன அவளைப் பூவாடைக்காரியாக் கூப்பிடணும். குளத்தங்கரைக்குப் போய் பம்பை அடிச்சு, பேர் சொல்லி அழைச்சு, கலசத்துத் தண்ணியில அவளை வீட்டுக்குக் கொண்டாந்து, புதுப்புடவை, பூ, வளையல் வெச்சுப் படைக்கணும். என் கல்யாணத்துக்கும் படைச்சாங்க. அது எங்க அப்பாவுக்கு அத்தை முறை யாரோ. நானும் விழுந்து கும்பிட்டேன். மூஞ்சி தெரியாதவங்களைக் கும்பிடறது சுலுவு.

நான் படைக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். உங்க பெரியம்மா வாயைத் தொறந்தபடியே இருந்தாங்க. உங்க அம்மா காபியைக் கீழ வெச்சுட்டு, ஏங்க, ஆசை தீராமப் போன பொண்ணு, கூட சுத்தினவ மணவறையில உட்கார்றதைப் பாத்தா அதுக்குத் தாங்குமா, வயிறு எரிஞ்சு எம்பொண்ணு மேல வந்து நின்னா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டாங்க.

நிலா, அந்த வார்த்தை காதுல விழுந்ததும் எழுந்துட்டேன். வாங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. அடுப்புமேல பால் இருந்தது, அதையும் இறக்கல. நேரா உப்பளத்துக்குப் போய்ட்டேன். ஞாயித்துக்கிழமை, ஒரு ஆள் இல்ல. வெயில்ல கண்ணு கூசுது. பாத்தி வரப்பு மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். என் பொண்ணுக்கு உன்மேல வயித்தெரிச்சலா? நீ மஞ்சள் சுடிதார் எடுத்தா அவளும் மஞ்சள் எடுப்பா. அது பொறாமையா, ஜோடியா? ஒரே டப்பா சோத்துல கை வெச்சவங்க நீங்க. நீ இங்க உங்க மாமா வீட்டுல தங்கி அவகூட செருப்புக் கம்பெனிக்குப் போன நாள்லாம், உனக்குக் காய்ச்சல்னா அவளும் அன்னிக்கு லீவு போட்டுடுவா. அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப நீயும் லீவு போட்டு இங்கயே கிடந்த. உங்க அம்மாவுக்கு அது மறந்து போச்சா.

நான் திரும்பி வர்றதுக்குள்ள அவங்க கிளம்பிட்டாங்க. படைச்ச பிறகு பத்திரிகை அடிச்சா போதும்னு கௌதமன் அப்பாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவரு தீஞ்ச பால் பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு.

நீ உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. சந்தியா அப்படிப்பட்டவ இல்லன்னு சொல்லு. நான் சொன்னா பெத்தவ சொல்றான்னுவாங்க. நீ சொன்னா எடுபடும்.

உன் கை அளவுக்கு நீ போடுற வளையல் ஒண்ணு மேரிசெல்விகிட்ட குடுத்தனுப்பு. அப்புறம் இன்னொண்ணு. நிச்சயம் ஆனதுலேருந்து நீ என்னை அத்தைன்னு கூப்பிடுற. முறை அதுதான். ஆனா முன்னல்லாம் சந்தியாம்மான்னு கூப்பிடுவியே, அப்படியே கூப்பிடேன். தெருவுல இப்ப எல்லாரும் கௌதமன் அம்மான்னு மாத்திட்டாங்க. என் மனசு நோகக்கூடாதுன்னுதான் மாத்தினாங்க.

உன் நல்லதையே நினைக்கும்,
அமராவதி


உ

மரக்காணம்
ஆடி பிறந்த வாரம்

அன்பு நிலாவுக்கு,

உன் கடுதாசியும் அளவு வளையலும் வந்து சேர்ந்தது. அன்புள்ள சந்தியாம்மான்னு முதல் வரியைப் பாத்துட்டு மடிச்சு வெச்சுட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படிச்சேன். அதுக்குப் பதில் எழுதறதுக்குள்ள இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு. உனக்கு ஊர்லேருந்து கண்ணு மூக்கு வெச்சுச் சொல்லியிருப்பாங்க. நான் நடந்தது நடந்தபடி எழுதுறேன், படிச்சுட்டுக் கோவிச்சுக்கோ.

உன் அளவு வளையல் ரெண்டு ஆறு. அதை என் சுருக்குப் பையிலதான் போட்டுக்கிட்டு பாண்டிச்சேரிக்குப் போனேன், வெறும் வளையல் வாங்க. கடையில நல்ல கூட்டம், ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் மாலை கட்டறவங்க எல்லாம் அன்னிக்குத்தான் வந்திருந்தாங்க. கடைப் பையன் என்ன அளவும்மான்னு கேட்டான். ரெண்டு நாலுன்னு சொல்லிட்டேன். யோசிக்கல நிலா. அந்தக் கடையில நின்னு அளவு கேட்டா என் வாய் எப்பவும் அதைத்தான் சொல்லும். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, ஆடிக்கு, எத்தனை வருஷமா அந்தக் கைக்கு வாங்கிட்டு வந்திருக்கேன். சுருக்குப் பையை நான் தொறக்கவே இல்ல.

ரெண்டு நாலுக்கும் ரெண்டு ஆறுக்கும் பாத்தா வித்தியாசம் தெரியாது. நகக்கண்ணு அளவுதான். கையில ஏத்தினாத்தான் தெரியும். தினமும் உப்பு வாரிட்டு வந்து, கை கழுவி, பிளாஸ்திரி சுத்திக்கிட்டு சாயங்கால வெளிச்சத்துல உட்கார்ந்து சுத்தினேன். அரக்கு மேல மஞ்சள் நூல் ஓடுது, ஓரத்துல சின்ன முத்து, ரெண்டு கைக்கும் நடுவுல போடுற பட்டை வளையல்ல மாங்கா மாதிரி கல்லு வெச்சேன். இத்தனை நாள் சுத்தினதுல இதுதான் எனக்கு நல்லா வந்த செட்டு. சுத்துறப்ப மட்டும் என் மனசு ஒரு இடத்துல இருந்தது. அது ஏன்னு எனக்கு அப்பத் தெரியல.

முடிச்சுட்டு அஞ்சம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ எதையும் தொட்டுப் பாக்காம நல்லாயிருக்குன்னு சொல்லமாட்டா. ஒண்ணை எடுத்து விரலைக் குவிச்சு ஏத்திப் பாத்தா. கண்ணுகிட்ட கொண்டுபோனா. அப்புறம் தாம்பாளத்து ஓரத்துல கிடந்த உன் அளவு வளையலை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா. அமராவதி, யாருக்குடி சுத்தியிருக்கன்னு கேட்டா. நான் நிலாவுக்குன்னேன். அவ ரெண்டையும் என் கண்ணு முன்ன காட்டினா. ஆடிப்பூர வளையலுக்காகக் கூடத்துல உட்கார்ந்திருந்த பொம்பளைங்க எல்லாரும் கையை நிறுத்திட்டாங்க. அஞ்சம்மாதான் சொன்னா, நீ கூப்பிடமாட்டேன்னாலும் அவ தன்னோடதைக் கேட்டு வாங்கிக்கிட்டாடின்னு.

பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பேச்சு கீழ்புத்துப்பட்டு போய்ச் சேர்ந்துடுச்சு. ஈசிஆர்ல பஸ்ஸுகூட அவ்வளவு வேகமாப் போவாது. உங்க அம்மா கௌதமன் அப்பாவுக்குப் போன் பண்ணாங்க. இவரு வழக்கம்போல ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு. செத்த பொண்ணு அளவுல எம்பொண்ணுக்கு வளையலா, இதைவிட வேற என்ன சகுனம் வேணும், படைக்கமாட்டேன்னு பிடிவாதம் பண்ணா நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிடறோம்னு சொன்னாங்க. அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. அதையும் சொல்லணும்.

கௌதமன் மறுநாளே மெட்ராஸ்லேருந்து வந்துட்டான். லிஃப்டு கம்பெனி வேலைக்குப் போட்ட சட்டையோடயே வந்தான். என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. வாசப்படியில நின்னுக்கிட்டு, அம்மா, இந்த வீட்டுல இன்னும் ஒரு பிள்ளை மிச்சம் இருக்குன்னு மட்டும் சொன்னான். சொல்லிட்டு மூஞ்சி கழுவப் போய்ட்டான். ரொம்ப நேரம் தண்ணி ஊத்திக்கிற சத்தம் கேட்டுது.

அதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. உட்கார்ந்தா எழுந்திருக்கத் தோணுது, எழுந்தா எதுக்கு எழுந்தோம்னு தெரியல. அடுப்புல உலை வெச்சுட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பாக்கறேன். உப்பு அம்பாரம் மூடினமா இல்லையான்னு மனசு அடிச்சுக்குது. அங்க கங்காணி இருக்காரு, தார்ப்பாய் இருக்குது, எனக்கு என்ன. பாதிச் சோத்துல எழுந்து அந்த வளையலை எடுத்து பிளேடால நூலை அறுத்துடலாம்னு பாத்தேன். முதல் இழையை நெம்பினேன். பிளாஸ்திரி சுத்தல, நூலு வெடிப்புல மாட்டிக்கிச்சு. இழுத்தா விடல. அப்படியே திரும்ப ஒட்டி வெச்சுட்டேன்.

நீ உன் கடுதாசியில கேட்டிருந்த, உங்க அம்மா பேச்சு போவட்டும், கூப்பிட்டாத்தான் என்ன சந்தியாம்மா, எனக்கே அவளைக் கூப்பிடணும்போல இருக்குதுன்னு. உன்கிட்ட மட்டும் சொல்றேன்.

ஒரு தடவை பூவாடைக்காரியாக் கூப்பிட்டுட்டா அப்புறம் அவ என் பொண்ணு இல்ல. கற்பூரம் காட்டி, புடவையைப் பெட்டியில வெச்சு, நல்லது கெட்டதுக்குப் பயந்து கும்பிடற ஆளாயிடுவா. எங்க கோவிச்சுக்குவாளோன்னு இந்த வீட்டுப் பிள்ளைங்க பயப்படும். இப்ப அவ போட்டோவைத் தொடைக்கிறப்ப, ஏண்டி இவ்வளவு தூசின்னு திட்ட முடியுது. சாமியைத் திட்ட முடியுமா. அதுவும் இல்லாம அஞ்சம்மா சொல்றா, படையல் சோத்துல உப்பு போடக்கூடாதாம். உப்பு போட்டா போனவங்க கிட்ட வரமாட்டாங்களாம். நிலா, அவ உப்பு மேட்டுல பொறந்து வளர்ந்தவ. புளியங்காய்க்கு உப்பு, கொய்யாவுக்கு உப்பு, மோர்ல ரெண்டு கல்லு கூடப் போடுன்னு அடம் பிடிப்பா. அவளுக்கு நான் உப்பில்லாச் சோறு வைக்கணுமாம். எப்படி வைப்பேன் சொல்லு.

ஆனா கௌதமன் மூஞ்சியையும் என்னால பாக்க முடியல. எனக்கு வழி தெரியல. நீ மட்டும் மனசு மாறிடாத. அவனுக்குப் பேசத் தெரியாது. அவன் போன்ல சும்மா இருந்தாலும் நீ வெச்சுடாத, கொஞ்ச நேரம் சும்மாவே இரு.

உன்னை நம்பியிருக்கும்,
சந்தியாம்மா


உ

மரக்காணம்
ஆடி மாதக் கடைசி

அன்பு நிலாவுக்கு,

உடம்பு எப்படி இருக்குது. நைட் ஷிப்டுக்கு மாத்திட்டாங்கன்னு மேரிசெல்வி சொன்னா. பகல்ல ஜன்னலை மூடிட்டுத் தூங்கு. கல்யாணப் பொண்ணுக்குக் கண்ணுக்குக் கீழ கருப்பு விழக்கூடாது.

கல்யாணப் பொண்ணுன்னு எழுதியிருக்கேன், பாத்தியா. நடந்ததைச் சொல்றேன்.

போன வாரம் யார்கிட்டயும் சொல்லாம அந்த வளையல் பெட்டியை எடுத்துக்கிட்டு உங்க ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். அனுமந்தையில ஏறின மீன்காரம்மா என் மடியில இருந்த பெட்டியைப் பாத்து என்னன்னு கேட்டாங்க. வளையல்னேன். யாருக்குன்னாங்க. பொண்ணுக்குன்னேன். நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டுக் கூடையை நகர்த்தி எனக்குக் கால் வைக்க இடம் விட்டாங்க.

உங்க அம்மா வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் கையில இருந்த துணி அப்படியே நின்னுது. சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைச்சாங்கபோல. நானும் பாதி அப்படித்தான் போனேன். பெட்டியைத் தொறந்து அவங்க முன்ன வெச்சு, இதைப் பாருங்க, இதுல எம்பொண்ணு வயித்தெரிச்சல் எங்க இருக்குதுன்னு காட்டுங்கன்னு கேட்டேன்.

உங்க அம்மா ஒண்ணை எடுத்தாங்க. தன் கையில ஏத்திப் பாத்தாங்க. கட்டைவிரல் முட்டியிலயே நின்னுடுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே, இவ்வளவு சின்னக் கையாங்க அந்தப் பொண்ணுக்குன்னு கேட்டு அழுதுட்டாங்க. எங்க வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கா, நிலாம்மா இன்னும் ரெண்டு வடைன்னு கேட்டு வாங்கித் தின்னுவா, அவளைப் பாத்து நான் பயப்படுவேனான்னாங்க. அப்புறம் மெதுவா ஒண்ணு சொன்னாங்க. நாலு நாள் காய்ச்சல்ல ஒரு பொண்ணு போன வீட்டுக்கு எம்பொண்ணை அனுப்பறேன், எதைப் பாத்தாலும் பயமா இருக்குது, அந்தத் தண்ணியா, கொசுவா, காத்தா, யாருகிட்ட போய்க் கேட்கறது, சாமிகிட்டதான் கேட்க முடியும், அதனாலதான் படைக்கச் சொன்னேன்னாங்க.

நிலா, அந்தப் பயம் எனக்கும் இருக்குது. உன்னை நினைச்சுத்தான். தண்ணித் தொட்டிக்கு மூடி வாங்கி வெச்சிருக்கேன், ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்கச் சொல்லியிருக்கேன், கௌதமன் அப்பா எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா வேற பேச்சுக்குப் போயிடறேன். ரெண்டு பொம்பளைங்களும் ஒரே பயத்தை வெச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்திருக்கோம். வளையல் பெட்டியை மூடிட்டு, படைக்கிறேங்கன்னு சொல்லிட்டு வந்தேன். வர்றப்ப உங்க அம்மா வடை கட்டிக் குடுத்தாங்க. பஸ்ல தின்ன முடியல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்லதண்ணிக் குளத்துக்குப் போனோம். நான், அஞ்சம்மா, உங்க அம்மா, தெருப் பொம்பளைங்க. பம்பைக்காரர் குப்புசாமி வந்தாரு. கலசத்தைச் சோடிச்சுத் தண்ணி ஓரத்துல வெச்சு, அதுமேல பூச்சரத்தைச் சுத்தினாங்க. பேர் சொல்லிக் கூப்பிடணும். அவ வந்துட்டா பூச்சரம் தானா நழுவித் தண்ணியில விழும். அதுதான் வந்ததுக்கு அடையாளம். பெத்தவதான் முதல்ல கூப்பிடணும்னு என்னை முன்னால நிக்க வெச்சாங்க.

வாயைத் தொறந்தேன். சத்தம் வரல. ஆஸ்பத்திரியில அன்னிக்கு அவ காதுகிட்ட கூப்பிட்டதுதான் கடைசி. எத்தனை தடவை கூப்பிட்டேன்னு உனக்குத் தெரியும், நீதான் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. அப்ப வராதவ இப்ப எப்படி வருவான்னு உள்ள ஒரு குரல். குப்புசாமி பம்பையைக் கூட்டி அடிச்சாரு. அஞ்சம்மா கூப்பிட்டா. உங்க அம்மா கூப்பிட்டாங்க, எம்மா சந்தியா, வாடி கண்ணுன்னு நல்லா மனசு விட்டுத்தான் கூப்பிட்டாங்க. பூச்சரம் அசையல. காத்துகூட இல்ல. குப்புசாமிக்குக் கை வலி கண்டு பம்பையைக் கீழ வெச்சுட்டு, பொண்ணுக்கு ஏதோ மனத்தாங்கல் இருக்குது, இன்னொரு நாள் பாக்கலாம்னாரு.

எல்லாரும் பயந்து நிக்கிறப்ப அஞ்சம்மா பின்னாலேருந்து சொன்னா, மனத்தாங்கலும் இல்ல மண்ணும் இல்ல, உசிரோட இருந்தப்பவே கூப்பிட்டா அவ எழுந்துக்கமாட்டா, இப்ப மட்டும் எழுந்துக்குவாளான்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு நிலா. குளத்தங்கரையில, கலசத்துக்கு முன்ன, அப்படி ஒரு சிரிப்பு. சிரிச்சுச் சிரிச்சு அப்படியே அழுகையாயிடுச்சு. உங்க அம்மாதான் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்பதான் ஞாபகம் வந்தது. காலையில கம்பெனி பஸ்ஸுக்கு அவளை எழுப்ப நான் எத்தனை தடவை கூப்பிடுவேன். ம்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். போர்வையை இழுத்துக்குவா. நீ பஸ் நிக்கிற இடத்துக்குப் போற வழியில தெருமுனையில ஸ்கூட்டியை நிறுத்தி ஆரன் அடிச்சு, ஏ சந்தியா, பஸ்ஸு வந்துடுச்சு, நான் போறேன்டின்னு கத்துவ. பஸ்ஸு வந்திருக்காது, பொய்தான் சொல்லுவ. அவ வாயில பல்குச்சி, கையில சீப்பு, ஒரு கால்ல செருப்பு, அப்படியே ஓடி வருவா. தினமும் அதே பொய், தினமும் ஓடி வருவா. ஒரு நாள்கூட உன்னைக் காக்க வெச்சதில்ல.

அதனால கேட்கறேன். நீ வந்து கூப்பிடு.

கல்யாணப் பொண்ணு குளத்தங்கரைக்கு வரக்கூடாது, அப்படி ஒரு வழக்கம் இல்லன்னு அஞ்சம்மா சொல்றா. நான் உங்க அம்மாவைப் பாத்தேன். அவங்க கலசத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், எம்பொண்ணு கூப்பிட்டாத்தாங்க அது வரும்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆவணி பிறந்து வர்ற முதல் வெள்ளிக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு வந்துடு. கம்பெனியில காரணம் கேட்டா வீட்டுல விசேஷம்னு சொல்லு. விசேஷம்தானே.

நீ கூப்பிட்டா எனக்குப் பயமில்ல. நீ சாமியைக் கூப்பிடமாட்ட, அவளைத்தான் கூப்பிடுவ. வந்தா அவளாத்தான் வருவா. சோத்துல உப்பு போடப்போறேன்னும் சொல்லிட்டேன். உப்பு போட்டா வரமாட்டாடின்னு அஞ்சம்மா தலையில அடிச்சுக்கிட்டா. வந்தவ வாயில வெச்சுட்டு உப்பில்லன்னு தட்டைத் தள்ளிட்டுப் போய்ட்டா என்ன செய்வன்னு கேட்டேன். அதுக்கு அவளே, சரி, கம்மியாப் போடுன்னா. நான் அவளுக்குப் போடற அளவுதான் போடுவேன்.

உனக்கு ரெண்டு ஆறுல புதுசா சுத்தி முடிச்சுட்டேன். இந்தத் தடவை அளவு வளையலைக் கடைப் பையன் கையிலயே குடுத்துட்டேன். அதே அரக்கு, அதே மஞ்சள், அதே முத்து. முன்னது மாதிரி வரலன்னு நினைச்சேன். அஞ்சம்மா இதுதான் நல்லாயிருக்குங்கிறா. அவ தொட்டுப் பாத்துத்தான் சொன்னா. ஈரக் கையோட போட்டுக்காத, நம்ம ஊர் காத்துக்கு நூல் சீக்கிரம் நிறம் மங்கிடும்.

ரெண்டு நாலு செட்டு அவளுக்கு. படைச்ச வளையலை அந்த வீட்டுப் பொண்ணு ஒருத்தி எடுத்துப் போட்டுக்கணுமாம், அதுதான் முறையாம். உனக்கு ஏறாது, எனக்கு ஏறாது. பெட்டியிலயே இருக்கட்டும், ஒண்ணும் அவசரமில்ல. அந்த அளவுக் கை ஒண்ணு இந்த வீட்டுல வளர்ந்து வரும்போது எடுத்துக்கலாம். அந்தக் கைக்குச் சொந்தக்காரி காலையில எழுந்துக்காம அடம் பிடிச்சா அப்ப நான் உன்னைத்தான் கூப்பிடுவேன்.

வா கண்ணு. கரையில நின்னு, கையைக் கூப்பாத, பயபக்தியாக் கூப்பிடாத. பஸ்ஸு வந்துடுச்சு, நான் போறேன்டின்னு கத்து. நீ போறேன்னு சொன்னாத்தான் அவ வருவா. சொல்லிட்டு நீ மட்டும் போயிடாத. என் வீட்டுக்கு வா. கை நிறைய வளையலோட, தலை நரைக்கிற வரைக்கும், நான் பாத்துக்கிட்டே இருக்க நீ நல்லா இரு.

வழியைப் பாத்துக்கிட்டு இருக்கும்,
சந்தியாம்மா